வடக்குப் பங்கரின் சர்க்கரை

அப்பா பொய் சொன்னதே இல்லை. மற்றவர்கள் சொன்னபோது எழுந்து வெளியே போனார், அவ்வளவுதான். அதற்கு என்ன பெயர்? பொய்யில்லை என்றால் உண்மை என்று சொல்லிவிட முடியுமா?

கையிலிருந்த ஊசியிலைக் கிளையை டாக்னி இரண்டாக வெட்டி வாசலில் போட்டாள். சவப்பெட்டி போகிற வழி முழுக்கப் பச்சை பரப்ப வேண்டும், கதவிலிருந்து படல் வரைக்கும், படலிலிருந்து தார்ச்சாலை வரைக்கும். கத்தரியில் பிசின் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு வெட்டுக்கும் மக்கர் செய்தது. கடற்காற்று, போட்ட கிளைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. அவள் குனிந்து சில கிளைகளின் மேல் கூழாங்கல் வைத்தாள். இப்போதெல்லாம் யாரும் பெட்டியை வீட்டில் வைப்பதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தேவாலயத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அப்பா வீட்டிலிருந்துதான் போக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றிருந்தாள்.

எஸ்பென் கதவருகில் வந்து நின்றான். கறுப்புக் கோட்டில் தம்பி அப்பாவைப் போலவே இருந்தான். பேச ஆரம்பித்தால் இல்லை.

"அக்கா, கெர்டா மறுபடி போன் பண்ணிட்டா."

"என்னவாம்?"

"பலகைல பேரு எழுதறவன் சாயங்காலம் வர்றானாம். நாளைக்குக் காலைல திறப்பு. நாம ஒரு வார்த்தை சொன்னா எழுதிடுவான்."

"இன்னிக்கு அப்பாவ அடக்கம் பண்றோம், எஸ்பென்."

"அதனாலதான் இன்னிக்குக் கேக்கறேன்."

அவள் அடுத்த கிளையை எடுத்தாள். நாளையோடு போர் முடிந்து ஐம்பது வருடம். இன்று அந்தி சாய்ந்ததும் ஊரில் எல்லா ஜன்னல்களிலும் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். லுங்ஸோ ஊர்க்கமிட்டி இந்த வருடம் அதோடு நிற்கவில்லை. ஹெதர் புதர்கள் படர்ந்த பொட்டலின் வடகோடியில், மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கிற பங்கருக்கு முன்னால் ஒரு பலகை நட்டிருந்தார்கள். போரில் நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியர் இந்தக் கரையெங்கும் கான்கிரீட் அரண்கள் கட்டியபோது உள்ளூர்த் தொழிலாளி ஒருவர் கலவையில் சர்க்கரை போட்டு அதைக் கெடுத்தார் என்று அதில் எழுதியிருந்தது. சர்க்கரை விழுந்த சிமெண்டு இறுகாது என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். கீழே ஒரு பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள்.

அப்பா உயிரோடு இருந்தபோது கமிட்டி சார்பில் கெர்டா இரண்டு முறை வந்து, அவர் பெயரை எழுதலாமா என்று கேட்டாள். இருபது வருடம் இந்த ஊர்த் தபாலாபீசை நடத்தியவள். எந்த வீட்டிலும் பதில் வாங்காமல் திரும்பிப் பழக்கமில்லாதவள். இரண்டாவது முறை அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு, "நான் செத்தப்புறம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஆடுகளிடம் போய்விட்டார். அதை சம்மதம் என்று கெர்டா எடுத்துக்கொண்டாள்.

"நாம ரெண்டு பேரும் சொன்னா போதும்னு சொல்றா," என்றான் எஸ்பென். "நான் சொன்னா மட்டும் பத்தாதாம். நான் பதினெட்டு வயசுல ஊர விட்டுப் போனவன்தானே. நீதான் கடைசி வரைக்கும் கூட இருந்தவ."

"உள்ள போய் மேசைய ஓரமா நகர்த்து. ஜனம் வந்துடும்."

அவன் போகவில்லை. "கடைசியா ஏதாவது சொன்னாரா அக்கா? அதப் பத்தி?"

கத்தரி மறுபடியும் மக்கர் செய்தது. "மேசைய நகர்த்து," என்றாள்.

முதலில் வந்தவர் வில்லட்ஸ். அப்பாவோடு சேர்ந்து பங்கர் வேலை பார்த்தவர்களில் மிச்சமிருக்கும் ஒரே ஆள். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூடிய பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பெட்டியின் விளிம்பை விரலால் தடவினார்.

"இதுலயும் முந்திக்கிட்டான் பாரு, பொண்ணே. எப்பவும் இப்படித்தான். நான் ஒரு வண்டி ஜல்லி தள்ளிக்கிட்டுப் போறதுக்குள்ள அடுத்த கலவைக்குத் தயாரா நிப்பான். மூச்சு விட விடமாட்டான்."

சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "நல்ல காத்து இன்னிக்கு," என்றார்.

"காப்பி தரட்டுமா?"

"வேணாம். அடக்கம் முடிஞ்சு ஊர்க்கூடத்துல எப்படியும் குடிக்கவெச்சே கொன்னுடுவாங்க."

சர்க்கரைக் கதை வில்லட்ஸ் ஆரம்பித்ததுதான். அம்மா சொல்லி டாக்னிக்கு அது மனப்பாடம். போர் முடிந்த அந்தக் கோடையில், ஜெர்மானியரை எதிர்த்த படையின் பட்டையைக் கையில் கட்டிய ஆட்கள் டவுனிலிருந்து வந்தார்கள். யார் யார் ஜெர்மானியனிடம் கூலி வாங்கினீர்கள் என்று சத்திரத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த ஊரில் வாங்காதவன் யார்? பொட்டலில் வேறு வேலை ஏது? அப்போதுதான் வில்லட்ஸ் எழுந்து, "நாங்க சும்மா கட்டிக் குடுத்துடல. லவுரிட்ஸ் கலவைல சக்கரை போட்டான். நாங்கல்லாம் மறைச்சோம்" என்றாராம். எல்லோரும் அப்பா லவுரிட்ஸைப் பார்த்தார்கள். லவுரிட்ஸ் எழுந்து வெளியே போய்விட்டார். தன்னடக்கம் என்று வந்தவர்கள் நினைத்தார்கள்.

அந்த ஒரு சிட்டிகை சர்க்கரையில் முழு ஊரும் கழுவிக்கொண்டது. அம்மாவின் வீட்டுக் கதவும் அதில்தான் திறந்தது. அம்மாவின் அண்ணன் ஆங்கர் ஜெர்மானியர் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவன். பங்கர் கட்டியவனுக்குப் பெண் கொடுப்பதா என்று கொதித்துக்கொண்டிருந்த தாத்தா, கதை காதில் விழுந்த வாரமே அப்பாவை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அம்மா அதைக் காப்பி வேளைகளில் சொல்வாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சர்க்கரை கொஞ்சம் கூடும். முதலில் ஒரு பொட்டலம். டாக்னிக்குக் கல்யாணமாகும் சமயத்தில் அது ஒரு மூட்டை. கதை பாதியை எட்டுவதற்குள் அப்பா தொப்பியோடு வாசலில் இருப்பார். "பாத்தீங்களா, கூச்சம்" என்பாள் அம்மா. வந்தவர்கள் சிரிப்பார்கள்.

அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? அம்மா போனபோதும் டாக்னி இதே கேள்வியோடு இதே கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று அவரால் எழுந்து வெளியே போக முடியாது. விஷயம் அவ்வளவுதான். காலையிலிருந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இது ஒன்றுதான்.

வீட்டில் ஒரு பாட்டுப் பாடினார்கள். பிறகு ஆறு பேர் பெட்டியைத் தூக்கிப் பச்சையின் மேல் நடந்தார்கள். வண்டி பொட்டல் சாலையில் மெதுவாக ஊர்ந்தது. ஹெதர் இன்னும் பூக்காமல் பழுப்பாகக் கிடந்தது. அதன் நடுவில் அங்கங்கே சாம்பல் நிறத் திண்டுகளாகப் பங்கர்கள். ஒன்றின் கூரைமேல் ஏறி நின்று செம்மறிகள் வண்டியைப் பார்த்தன. வழியிலிருந்த ஒவ்வொரு பண்ணையிலும் கொடி அரைக்கம்பத்தில் இருந்தது. தாத்தாவின் பழைய வீட்டில்கூட. அங்கே இப்போது ஆங்கரின் ஒன்றுவிட்ட தம்பி குடியிருக்கிறார். சர்க்கரை இல்லையென்றால் இவற்றில் எத்தனை கொடி இறங்கியிருக்கும் என்று டாக்னி நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

சாலை கடலை ஒட்டி வளையும் இடத்தில் வில்லட்ஸ் வண்டியின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழே, கூழாங்கல் கரையில், தெற்குப் பங்கர் ஒருக்களித்து நின்றது.

அது அங்கே வந்து விழுந்தது, டாக்னி கணவனை விட்டு அப்பாவிடம் திரும்பி வந்த வருடம். நவம்பர் புயல் ஒன்று மணல்மேட்டை அரித்துத் தின்றுவிட்டது. காலையில் பார்த்தால், மேட்டு உச்சியிலிருந்த பங்கர் அப்படியே சரிந்து கரையில் இறங்கியிருந்தது. ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. எல்லோருக்கும் உள்ளூர ஓர் எதிர்பார்ப்பு இருந்ததை அவள் பார்த்தாள். இத்தனை உயரத்திலிருந்து விழுந்தது பிளந்திருக்கும். கதை கல்லில் நிரூபணமாகிவிடும். சுற்றிச்சுற்றி வந்தார்கள். ஒரு கீறல் இல்லை. அச்சுப்பலகையின் மரவரிகள்கூட நேற்றுப் பதிந்தவை மாதிரி சுவரில் தெளிவாக இருந்தன.

"சக்கரை இதுலன்னு யார் சொன்னா?" என்றார் வில்லட்ஸ் கடைசியில். "அது வடக்கால இருக்கறது."

"ஆமா, வடக்குதான்," என்றாள் கெர்டா உடனே. "எங்கப்பாகூட வடக்குன்னுதான் சொல்லுவாரு."

வடக்குப் பங்கர் மணலுக்குள் இருந்தது. அதை யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை. ஜனம் நிம்மதியாகக் கலைந்தது.

அப்பா மட்டும் நின்றார். துப்பாக்கிக்கு விட்டிருந்த நீளப் பொந்துக்குக் கீழே, மூலையில், உள்ளங்கையை வைத்தார். வைத்தபடி சிரித்தார். யாருக்காகவும் இல்லை அந்தச் சிரிப்பு. அவருடைய முகத்தில் அப்படி ஒன்றை டாக்னி அதற்கு முன் பார்த்ததில்லை. தன்னையோ எஸ்பெனையோ பார்த்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. அவள் பார்ப்பது தெரிந்ததும் கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "போலாம். ஆடுங்க காத்துக்கிட்டிருக்கும்," என்றார்.

அன்றிலிருந்து அவளுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பை மன்னிக்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை. ஆங்கரின் படம் கூடத்துச் சுவரில் தொங்கிய வீட்டில், அவனைக் கொண்டுபோனவர்களுக்குக் கட்டிக்கொடுத்த சுவர் நன்றாக வந்தது என்று ஒரு மனிதர் அதுவரை முப்பத்தாறு வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். வேறு எதையும் அவர் அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை. ஆடுகள் நோயில் செத்தன, கொட்டகை சாய்ந்தது, பிள்ளைகளிடம் பேசத் தெரியவில்லை. நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லவும் வழியில்லை. அதைக் கெடுத்தார் என்றுதான் ஊர் அவரை மதித்தது.

கேட்டிருக்கலாம். எத்தனை வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அவள் கேட்கவில்லை.

தேவாலயத்தில் பாதிரியார் சுருக்கமாகப் பேசினார். குழிக்குள் பெட்டி இறங்கியபோது காற்று நின்றுவிட்டது போலிருந்தது. மூன்று பிடி மண். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அப்பால், அதற்காகவே காத்திருந்த யாரோ கயிற்றை இழுத்தார்கள்; அடக்கம் முடிந்ததற்கு அடையாளமாகக் கொடி அரைக்கம்பத்திலிருந்து உச்சிக்கு ஏறியது. எஸ்பென் அழுதான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் அவனை ஸ்கூலுக்குக் கூட்டிப்போனபோது பிடித்தது போல, மணிக்கட்டில்.

ஊர்க்கூடத்துக்கு நடக்கையில் அவன் சொன்னான். "உனக்கு அவரோட இத்தன வருஷம் கிடைச்சுது. எனக்கு அவர்கிட்டேந்து கிடைச்சது அந்தக் கதை ஒண்ணுதான் அக்கா. என் ஸ்கூல்ல ஒவ்வொரு வருஷமும் மே மாசம் பசங்களுக்கு அதத்தான் சொல்றேன். எங்கப்பா சக்கரை போட்டாருன்னு."

"தெரியும்டா."

"அதனால கேக்கறேன். கூடத்துல எல்லாரும் இருப்பாங்க. ரெண்டே வரி."

அவள் பதில் சொல்லவில்லை. அவன் அதையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ.

அப்பா கடைசியாகப் பேசியது ஞாயிற்றுக்கிழமை மதியம். பல நாளாகப் பேச்சில்லை. வெயில் கட்டில்வரை வந்திருந்தது. போர்வைக்குள் அவருடைய வலது கை மேலும் கீழுமாக அசைய ஆரம்பித்தது. வலி என்று நினைத்து அவள் குனிந்தாள்.

"குத்து," என்றார். "மூலைல குத்து. காத்து நிக்குது."

"என்னப்பா?"

"கலவை கம்பிக்கு அடில போகல. அவசரப்படாத." கை விடாமல் அசைந்தது, ஒரு நீளக் கழியைப் பிடித்திருப்பது போல விரல்கள் மடங்கியிருந்தன. குரலில் வயசே இல்லை. "அச்சுப்பலகைய இன்னிக்குப் பிரிக்காதீங்க. பனி வருது. வைக்கோல் போட்டு மூடுங்க."

அவள் சுற்றிலும் பார்த்தாள், வைக்கோலைத் தேடுகிறவள் மாதிரி. ஆங்கரின் முகம் ஒரு கணம் வந்து போனது. அந்தச் சுவரில் விட்டிருந்த நீளப் பொந்தும், அதன் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த துப்பாக்கியும். ஆனால் கட்டிலில் கிடந்தவருக்கு இருபத்தோரு வயது. பனி விழுவதற்குள் மூட வேண்டும். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது.

போர்வையை அவருடைய தோள்வரை இழுத்துவிட்டாள். "மூடிட்டேன்பா."

"நல்லா?"

"நல்லா மூடிட்டேன்."

கை நின்றது. அந்தி சாயும் முன் மூச்சும் நின்றது.

கூடத்தில் நீள மேசைகளில் வெள்ளை விரித்து, வெண்ணெய் தடவிய பன்னும் அடுக்குக் கேக்கும் வைத்திருந்தார்கள். ஜன்னல் ஓரங்களில் கெர்டா வரிசையாக மெழுகுவத்திகளை நிறுத்தியிருந்தாள், இருட்டினதும் ஏற்றுவதற்கு. ஜனம் முதலில் தாழ்ந்த குரலிலும், காப்பி உள்ளே போனதும் சாதாரணக் குரலிலும் பேசியது. அப்பாவின் கிடா ஒருமுறை பாதிரியாரைத் துரத்தியதை யாரோ சொன்னார்கள். பாதிரியாரே எழுந்து, துரத்தியதோடு நிற்கவில்லை என்று திருத்தினார். சிரிப்பு அடங்கியபோது கெர்டா கரண்டியால் கோப்பையைத் தட்டினாள்.

"லவுரிட்ஸ் பேசாத மனுஷன்னு எல்லாருக்கும் தெரியும். ரெண்டு தடவ கேட்டேன், ரெண்டு தடவையும் என்னை ஆட்டுக்கொட்டகை வரைக்கும் நடக்கவெச்சாரு. செத்தப்புறம் பாத்துக்கோங்கன்னாரு. இதோ, பாத்துக்கிட்டிருக்கோம்." மெல்லிய சிரிப்பு. "நாளைக்கு அந்தப் பலகைல ஒரு பேரு இருக்கணும். இல்லாட்டி நம்ம ஊருக்குன்னு என்ன இருக்கு?"

எஸ்பென் எழுந்தான். நன்றாகப் பேசினான். சத்திரம், கையில் பட்டை கட்டியவர்கள், எழுந்து வெளியே போன இளைஞன். டாக்னி எதிரிலிருந்த வில்லட்ஸைப் பார்த்தாள். அவர் கேக்கின் க்ரீமை முள்கரண்டியால் வழித்து வழித்துத் தட்டின் ஓரத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"கடைசி நாள் அவர் பக்கத்துல இருந்தது எங்கக்கா," என்றான் எஸ்பென். "அப்பா என்ன சொன்னாருன்னு அவளுக்குத்தான் தெரியும். அக்கா, நீ சொல்லு."

கூடம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. கனிவான முகங்கள்தான். கடையில் அவளுக்காகப் பாலை எடுத்து வைக்கிறவர்கள், புயலில் வேலி விழுந்தபோது வந்து நிமிர்த்தியவர்கள். ஒரு வரி சொன்னால் அவர்களும் தூங்குவார்கள், தம்பியும் தூங்குவான். வேறொரு வரியும் இருந்தது. அதைச் சொன்னால் இந்தக் கூடத்தில் ஒருவரும் ஒருவரை நிமிர்ந்து பார்க்க முடியாது. முதல் வரி அவருடையது இல்லை. இரண்டாவதைச் சொல்ல அவர் இத்தனை வருடம் விரும்பவில்லை.

"இல்ல, எஸ்பென்," என்றாள்.

அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. "என்ன?"

"நான் சொல்லல."

"ஒண்ணுமே பேச வேணாம், டாக்னி," என்றாள் கெர்டா, குரலைத் தணித்து. "ஆமான்னு தலையாட்டு, போதும். அந்தாளு பெயிண்டோட உக்காந்திருக்கான்."

டாக்னி தலையாட்டவில்லை. மடியில் கைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். விரல்களில் இன்னும் பிசின் இருந்தது.

"அப்போ அப்பா ஒண்ணுமே சொல்லலயா?" என்றான் எஸ்பென்.

"சொன்னாரு."

"அப்புறம்?"

"அது பலகைக்கு இல்ல."

வில்லட்ஸின் முள்கரண்டி நின்றது. அவர் தலை நிமிரவில்லை. யாரோ இருமினார்கள். பாதிரியார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி ஓர் எண்ணைச் சொன்னார், பக்கங்கள் சலசலத்தன, முதல் வரியை இரண்டு மூன்று பேர் வெவ்வேறு சுருதியில் ஆரம்பித்து, இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டார்கள்.

எஸ்பென் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவள் அவனுடைய நாற்காலியைத் தன் பக்கமாகச் சற்று இழுத்து வைத்தாள்.

அவன் உட்காரவில்லை.